முடக்குவாத நோயாளிகளின் சீரத்தில் கீமோகைன்: எண்கள் ஏன் இப்படித் தாறுமாறாக வருகின்றன?

கேள்வி: மூட்டுவாயில்

எல்லாருக்கும் வணக்கம். முடக்குவாத நோயாளிகளையும், வயதும் பாலினமும் ஒத்த நலமானவர்களையும் வைத்து எலைசாவில் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து நிறத்தால் அளக்கும் சோதனை) நான்கு கீமோகைன்களை, அதாவது வெள்ளையணுக்களை இழுக்கும் சிறு புரதங்களை, அளக்கும் ஆய்வு இது. சிசிஎல்2, சிசிஎல்5, ஐஎல்-8 என்று நாம் பழகிய சிஎக்ஸ்சிஎல்8, சிஎக்ஸ்சிஎல்10 ஆகியவை. நோயாளிகளுக்குக் காலையில் ஓ.பி.யில் ஜெல் டியூபில் ரத்தம் எடுத்து, எல்லா டியூப்களும் சேர்ந்த பிறகு மதியம் லேபில் சுழற்றி, சீரத்தை (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) பிரித்து மைனஸ் 80-ல் வைத்தோம். நலமானவர்களில் பெரும்பாலோர் லேப் ஊழியர்கள். அவர்களுக்கு லேபிலேயே எடுத்தது.

சிக்கல்கள் இவை. சிசிஎல்5 நலமானவர்கள் உட்பட எல்லாருக்கும் ஸ்டாண்டர்டின் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) உச்சப் புள்ளியான 2000 பிகோகிராமைத் தாண்டுகிறது. ஐஎல்-8 ஒருவருக்கு அளவிட முடியாத அளவு குறைவு, அதே நோய்நிலையிலுள்ள அடுத்தவருக்குப் பல நூறு. சிசிஎல்2-ல் சில நோயாளிகளின் சீரத்தை 2 மடங்கு நீர்த்தால் ஒரு விடை, 8 மடங்கு நீர்த்துப் பெருக்கினால் அதில் பாதிகூட இல்லை. அவர்கள் எல்லாருக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் மிக அதிகம். சிஎக்ஸ்சிஎல்10 மட்டும் நோயாளிகளுக்கு ஒழுங்காகக் கூடியிருக்கிறது, ஆனால் நோய்த் தீவிரத்தைக் காட்டும் டிஏஎஸ்28 மதிப்பெண்ணோடு ஒத்துப்போகவில்லை.

மாதிரிகள் கெட்டுவிட்டனவா, கிட் சரியில்லையா, நோயே இப்படித்தானா? இன்னொன்றும் கேட்க வேண்டும். மூட்டுக்குள் வெள்ளையணுக்களை இழுத்து வருவது கீமோகைன்கள்தான் என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது. அப்படியானால் முடக்குவாதத்துக்கு ஒரு கீமோகைன் தடுப்பு மருந்துகூட ஏன் இல்லை?

பதில் 1: ஆல்ஃபாகுருணை

சிசிஎல்5-லிருந்து தொடங்குகிறேன், அதற்கு விடை எளிது. நீங்கள் அளந்தது ரத்தம் உறைந்த நிகழ்வை. தட்டணுக்களின் ஆல்ஃபா குருணைகளில் சிசிஎல்5, பிஎஃப்4 எனப்படும் சிஎக்ஸ்சிஎல்4, சிஎக்ஸ்சிஎல்7 ஆகியவை முன்கூட்டியே தயாராக அடைந்து கிடக்கின்றன. ரத்தம் உறையும்போது அத்தனையும் வெளியே கொட்டிவிடும். அதனால்தான் நலமானவரின் சீரத்திலும் சிசிஎல்5 பத்துக் கணக்கான நானோகிராமில் இருக்கிறது. கவனமாகப் பிரித்த பிளாஸ்மாவில் (உறையவிடாமல் பிரித்த ரத்த நீர்) அது சில நானோகிராம் அல்லது அதற்கும் கீழ். கிட்டின் மேல் எல்லை 2 நானோகிராம் என்றால் எல்லாரும் தாண்டத்தான் செய்வார்கள். கிட்டில் பிழையில்லை.

100 மடங்கோ 200 மடங்கோ நீர்த்தால் எண் கிடைக்கும். அந்த எண்ணை நம்பிக் கட்டுரை எழுதிவிட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். முடக்குவாதம் தீவிரமாக இருக்கும்போது தட்டணு எண்ணிக்கையே உயரும். தட்டணு கூடினால் சீர சிசிஎல்5 கூடும். புள்ளியியலில் அழகான வேறுபாடு வந்து நிற்கும். அது ஏற்கெனவே சிபிசி ரிப்போர்ட்டில் இருக்கும் செய்திதான்.

சிசிஎல்5 உங்கள் ஆய்வுக்கு உண்மையிலேயே தேவை என்றால் புதிதாக மாதிரி எடுக்க வேண்டும். 21 கேஜ் ஊசி. கட்டுப்பட்டையை இறுக்கி நெடுநேரம் வைக்காதீர்கள். முதலில் வரும் 2 முதல் 3 மி.லி. ரத்தத்தை வேறு டியூபுக்கு விடுங்கள், ஏனெனில் ஊசி குத்திய இடத்தில் தூண்டப்பட்ட தட்டணுக்கள் அதில்தான் வரும். சிடிஏடி (CTAD) டியூப் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு: சிட்ரேட்டோடு தியோஃபிலின், அடினோசின், டைபிரிடமோல் மூன்றும் சேர்ந்து தட்டணு குருணையைக் கக்காமல் பிடித்துவைக்கும். இடிடிஏ உறைதலை நிறுத்தும், ஆனால் குருணைக் கசிவை முழுதாக நிறுத்தாது. டியூபை 3, 4 முறை மெதுவாகக் கவிழ்த்தால் போதும், குலுக்கக் கூடாது.

பிறகு இரட்டைச் சுழற்சி. 2500 ஜி-யில் 15 நிமிடம், பிரேக்கை அணைத்துவிட்டு. மேலுள்ள பிளாஸ்மாவை எடுக்கும்போது வெள்ளைப் படலத்துக்கு மேல் ஒரு செ.மீ. அளவு விட்டுவிடுங்கள். எடுத்ததைப் புது பிளாஸ்டிக் டியூபில் அதே வேகத்தில் இன்னொரு 15 நிமிடம் சுற்றி, அடியில் கொஞ்சம் விட்டு மீதியை எடுங்கள். ஆர்பிஎம் பார்த்து ஓட்டுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. 15 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் 2500 ஆர்பிஎம் என்பது ஏறக்குறைய 1050 ஜி மட்டுமே. 2500 ஜி வேண்டுமானால் 3860 ஆர்பிஎம் அளவில் ஓட்ட வேண்டும். ஆரத்தைச் செ.மீ.யில் அளந்து, அதை ஆர்பிஎம்மின் வர்க்கத்தாலும் 0.00001118-ஆலும் பெருக்கினால் ஜி கிடைக்கும்.

பிரித்த பிளாஸ்மாவில் சிறிதளவை ரத்த அணு எண்ணும் கருவியில் கொடுத்துப் பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டரில் தட்டணு 10,000-க்குக் கீழே இருக்க வேண்டும். இதை உறையவைப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். ஒரே சுழற்சியில் எடுத்த பிளாஸ்மாவில் தட்டணுக்கள் தங்கியிருக்கும். மைனஸ் 80-லிருந்து எடுத்து உருக்கும்போது அவை வெடித்து எல்லாவற்றையும் கொட்டிவிடும், அதன்பின் சுற்றிப் பயனில்லை.

ஒவ்வொரு மாதிரிக்கும் பிஎஃப்4 அளந்து வைப்பது செலவுக்கு ஏற்ற காப்பு. நன்றாக எடுத்த பிளாஸ்மாவில் அது 10 நானோகிராம் அளவுக்குள் இருக்கும், சீரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பிஎஃப்4 உயர்ந்த மாதிரியில் சிசிஎல்5-ம் உயர்ந்திருந்தால் அந்த மாதிரியை விலக்குங்கள்.

சிட்ரேட் வகை டியூபில் நீர்த்தல் கணக்கை மறந்துவிடாதீர்கள். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு திரவம். ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) 45 உள்ளவரின் முடிவை 1.20-ஆல் பெருக்க வேண்டும். ரத்தசோகையால் 30-க்கு வந்துவிட்டவருக்கு 1.16. முடக்குவாதத்தில் ரத்தசோகை சகஜம் என்பதால் எல்லாருக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள்.

பதில் 2: செவ்வணுச்சுவர்

ஐஎல்-8 பற்றி நான் சொல்கிறேன். டியூபுக்குள் போன வெள்ளையணுக்கள் செத்துவிடுவதில்லை. உறைதலைத் தூண்டும் சிலிக்கா, உருவாகும் த்ராம்பின், டியூபின் சுவர் எல்லாம் மோனோசைட்டையும் நியூட்ரோஃபிலையும் தட்டி எழுப்பும். அவை புதிதாக ஐஎல்-8 செய்யத் தொடங்கிவிடும். பிரிக்காமல் வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் எண்ணை ஏற்றும். எந்த வெப்பத்தில் வைத்தீர்கள் என்பதும் முக்கியம். கிட்டோடு வரும் தாளில் அறை வெப்பநிலை என்று போட்டிருந்தால் அது 18 முதல் 25 டிகிரி. மே மாதத்தில் ஏசி இல்லாத ஓ.பி. வராந்தா 36 டிகிரியில் இருக்கும்போது அந்த டியூப் ஸ்டாண்ட் இன்குபேட்டர் வேலையைச் செய்கிறது.

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் உறுத்தியது ஒன்று. நோயாளியின் டியூப் மதியம்வரை காத்திருந்தது. ஊழியரின் டியூப் லேபிலேயே எடுக்கப்பட்டது, அநேகமாக உடனே சுழற்றப்பட்டது. இந்த இரு குழுவுக்கும் இடையே ஐஎல்-8 வேறுபட்டால் நோயால் வந்ததா, காத்திருப்பால் வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது. பதிவேட்டில் ரத்தம் எடுத்த நேரமும் சுழற்றிய நேரமும் இருக்கின்றனவா? இருந்தால் முதலில் அந்த இடைவெளியை எக்ஸ் அச்சிலும் ஐஎல்-8-ஐ ஒய் அச்சிலும் போட்டுப் பாருங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

அடுத்தது சிவப்பணு. அதன் மேற்பரப்பிலுள்ள டஃபி ஆன்டிஜென் ஒரு கீமோகைன் ஏற்பி. இப்போதைய பெயர் ஏசிகேஆர்1. ஐஎல்-8, சிசிஎல்2, சிசிஎல்5 போன்றவற்றைப் பிடித்து வைக்கும், செல்லுக்குள் எந்தச் சமிக்ஞையும் அனுப்பாது. ரத்தத்தில் ஓடும் ஒரு சேமிப்புத் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையும்போதும் ஹெப்பாரின் பட்டாலும் அந்தத் தொட்டியிலிருந்து கொஞ்சம் கழன்று வெளியே வரும். சீரத்தில் சிசிஎல்2 பிளாஸ்மாவைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம், ஹெப்பாரின் டியூபைத் தவிர்க்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். கீமோகைன்கள் இயல்பாகவே ஹெப்பாரின் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளோடு ஒட்டுபவை என்பதால், எலைசாவின் ஆன்டிபாடி பற்றும் இடத்தையும் ஹெப்பாரின் மறைக்கக்கூடும்.

சிவப்பணு உடைந்த மாதிரியில் ஐஎல்-8 நம்பத்தக்கதல்ல. கண்ணால் பார்த்து இளஞ்சிவப்பு என்று எழுதுவதைவிட 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நேர்மையானது.

டஃபி மரபு வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளுங்கள். மேற்கு ஆப்பிரிக்க வழியினரில் பெரும்பாலோரின் சிவப்பணுவில் இந்த ஆன்டிஜெனே இல்லை; விவாக்ஸ் மலேரியா அவர்களை அவ்வளவாகத் தொடாததற்கு அதுவே காரணம் என்று 1976-ல் நிறுவினார்கள். நம் பக்கம் அந்த இன்மை வகை அரிது, விவாக்ஸ் தாராளமாக வருகிறது. ஆனால் ஆர்எஸ்12075 என்ற சாதாரண மாறுபாடு எங்கும் உண்டு. டஃபி ஏ வகையா பி வகையா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். ரத்த சிசிஎல்2 அளவில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் கவனிக்கத்தக்க பங்கு அதற்கு இருக்கிறது. அழற்சியே இல்லாத இருவரின் சிசிஎல்2 வேறாக இருப்பதில் வியப்பில்லை.

பதில் 3: நீர்த்தல்வரிசை

2 மடங்கில் ஒரு விடை, 8 மடங்கில் இன்னொன்று என்றதுமே நோய் தெரிந்துவிட்டது. ருமட்டாய்டு ஃபேக்டரின் தொழிலே ஐஜிஜி ஆன்டிபாடியின் எஃப்சி வாலைப் பற்றுவது. சாண்ட்விச் எலைசாவில் அடியில் ஒரு ஆன்டிபாடி, மேலே ஒரு ஆன்டிபாடி. ஐந்து கை பரப்பிய ஐஜிஎம் ருமட்டாய்டு ஃபேக்டர் ஒரு கையால் கீழே உள்ளதையும் மறுகையால் மேலே உள்ளதையும் பிடித்துக்கொள்கிறது. நடுவில் சிசிஎல்2 ஒரு மூலக்கூறுகூட வேண்டாம், நிறம் வந்துவிடும். நீர்க்க நீர்க்க இந்தப் பாலம் வேகமாக உடையும், அதனால்தான் விடை சரிகிறது. பல கீமோகைன்களை ஒரே குழியில் அளக்கும், நுண்மணிகளில் (பீட்) ஆன்டிபாடி பூசிய கருவிகளிலும் இதே தொல்லை, இன்னும் மோசமாக: ஒரே நோயாளிக்கு இருபது சைட்டோகைனும் சேர்ந்து உயர்ந்திருப்பதாகக் காட்டும். முடக்குவாத ஆய்வுகளில் அப்படி ஒரு அட்டவணையைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உறுதிசெய்யும் வழி மலிவானது. கிட்டின் பிடிக்கும் ஆன்டிபாடி எலியுடையது என்றால், எதையும் குறிவைக்காத சாதாரண எலி ஐஜிஜி-யை அதே செறிவில் சில குழிகளில் பூசுங்கள். அதே சீரம், அதே கண்டறியும் ஆன்டிபாடி, அதே கழுவல். இந்தக் குழியில் சிசிஎல்2-ஐப் பிடிக்க எதுவுமே கிடையாது. நிறம் வந்தால் அது முழுக்கக் குறுக்கீடு.

சரிசெய்ய, டைல்யூயென்ட்டில் கிட் ஆன்டிபாடிகள் எந்த விலங்கினுடையவையோ அந்த விலங்கின் சாதாரண ஐஜிஜி-யைச் சேர்க்க வேண்டும், வெப்பத்தில் திரளவைத்தது என்றால் இன்னும் நல்லது. மிகுந்த ருமட்டாய்டு ஃபேக்டர் உள்ள நான்கைந்து சீரத்தை எடுத்து மி.லி.க்கு 50, 100, 200 மைக்ரோகிராம் என்று ஏற்றிப் பார்த்து, போலி நிறம் அடங்கும் செறிவைத் தேர்ந்தெடுங்கள். இதற்கென்றே விற்கும் தடுப்புக் கலவைகளும் உண்டு. ஆனால் ஒரே அளவு எல்லா நோயாளிக்கும் போதும் என்று எண்ணக்கூடாது, ருமட்டாய்டு ஃபேக்டர் டைட்டர் (அளவு) ஆயிரத்தைத் தாண்டியவருக்குத் தனியாகச் சோதிக்க வேண்டும். கோழி ஐஜிஒய் ஆன்டிபாடியையோ எஃப்சி வாலை வெட்டிய துண்டையோ பயன்படுத்தும் கிட் கிடைத்தால் தலைவலியே இல்லை, ருமட்டாய்டு ஃபேக்டருக்குப் பற்ற இடமிருக்காது.

டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் டிடிடி, மெர்கேப்டோஎத்தனால் போட்டு ஐஜிஎம்மை உடைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கூடாது. பெரும்பாலான கீமோகைன்களின் உருவத்தைத் தாங்கி நிற்பது இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகள். ஐஜிஎம்மோடு அவையும் போய்விடும்.

தடுத்த பிறகு இரண்டு சோதனையில் தேற வேண்டும். 2, 4, 8, 16 மடங்கு நீர்த்தலில் திருத்திய விடைகள் ஒன்றுக்கொன்று 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தெரிந்த அளவு சிசிஎல்2-ஐ அதே சீரத்தில் கலந்து அளந்தால் 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைக்க வேண்டும். வளைவைப் பொருத்தும்போது நேர்கோடு போடாதீர்கள், நான்கு அளவுரு லாஜிஸ்டிக் வளைவுதான்.

மூட்டுவாயில்

நேரக் குறிப்பு பதிவேட்டில் இருக்கிறது. செவ்வணுச்சுவர் சொன்னபடி வரைந்தேன். ஐஎல்-8 கிட்டத்தட்ட காத்திருப்பு நேரத்தோடுதான் ஏறுகிறது. எலி ஐஜிஜி பூசிய குழியில் ஆறு நோயாளிகளுக்கு நிறம் வந்தது, நலமானவர் யாருக்கும் வரவில்லை.

சிஎக்ஸ்சிஎல்10 பற்றி யாராவது சொல்ல முடியுமா? நோயாளிகளில் சிலர் சர்க்கரைக்குச் சிட்டாகிளிப்டின் எடுக்கிறார்கள். அது இந்த அளவைப் பாதிக்கும் என்று எங்கோ படித்த நினைவு. இன்னொன்று, மூட்டுத் திரவத்தில் அளந்தால் இந்தத் தொல்லைகள் எல்லாம் தீருமா?

பதில் 4: முனைவெட்டு

சிஎக்ஸ்சிஎல்10 நான்கில் நல்ல பிள்ளை. தட்டணுவிலிருந்து கொட்டுவதில்லை, வடிதாளில் உலர்த்திய ரத்தத் துளியில்கூட அளக்கும் அளவுக்கு நிலையானது. உங்கள் சீரத்தில் ருமட்டாய்டு ஃபேக்டரைத் தடுத்துவிட்டு அளந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

ஆனால் அது எதைச் சொல்கிறது என்று பாருங்கள். இன்டர்ஃபெரான் காமா தூண்டினால் பல வகைச் செல்கள் இதைச் செய்யும். பெயரே முதலில் ஐபி-10, இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் புரதம் என்றுதான் இருந்தது. வைரஸ் காய்ச்சல் வந்தாலும் ஏறும், காசநோயிலும் ஏறும், வயதோடும் ஏறும். ரத்தம் எடுப்பதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் காய்ச்சல் இருந்ததா, மார்பு எக்ஸ்ரே எப்படி என்பதைப் பதிவு செய்யாமல் இதை முடக்குவாதத்தின் கணக்கில் எழுத முடியாது. டிஏஎஸ்28-ல் 28 மூட்டுகளின் வலியும் நோயாளி தானே சொல்லும் மதிப்பெண்ணும் அடங்கும். நீண்டநாள் நோயாளியிடம் தேய்மானத்தால் வரும் வலியும் அதில் கலந்துவிடும். வீங்கிய மூட்டு எண்ணிக்கையோடும் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பியோடும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிட்டாகிளிப்டின் பற்றிய உங்கள் நினைவு சரி. அது தடுக்கும் டிபிபி-4 என்ற நொதி, கீமோகைனின் முன்முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை வெட்டும். கீமோகைனுக்கு அந்த முனைதான் சாவியின் பல். 77 அமினோ அமிலமுள்ள சிஎக்ஸ்சிஎல்10-ல் இரண்டு போனதும் அது சிஎக்ஸ்சிஆர்3 ஏற்பியில் போய் உட்காரும், திறக்காது; முழுசாக உள்ளதற்கும் இடம் விடாது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளின் ரத்தத்தில் இப்படி வெட்டுண்ட வடிவம் கணிசமாக இருப்பது 2011-ல் காட்டப்பட்டது. சாதாரண எலைசா இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். அளவு உயர்ந்தும் செல்கள் வராமல் போவது இதனால்தான் சாத்தியம். சிசிஎல்5-ல் இதே வெட்டு விழுந்தால் சிசிஆர்1 பிடிப்பு குறைந்து சிசிஆர்5 பிடிப்பு நிற்கும். சிஎக்ஸ்சிஎல்12 வெட்டுப்பட்டால் செயலிழந்துவிடும். ஐஎல்-8-ல் தலைகீழ்: எம்எம்பி-9 என்ற நொதி முன்முனையில் ஆறு அமிலங்களை வெட்டினால் அதன் வீரியம் பத்து மடங்குக்கும் மேல் கூடுகிறது. ஆக, கிளிப்டின் எடுப்பவர்களைத் தனிக் குழுவாகப் பிரித்து அலசுங்கள். இனி எடுக்கும் மாதிரிக்கு டிபிபி-4 தடுப்பான் சேர்த்த டியூப் பயன்படுத்தினால் டியூபுக்குள் நடக்கும் வெட்டையாவது நிறுத்தலாம்.

மூட்டுத் திரவம் தொல்லையைத் தீர்க்காது, வேறு தொல்லை தரும். ருமட்டாய்டு ஃபேக்டர் அதிலும் இருக்கும். ஹையலுரானிக் அமிலத்தால் பிசுபிசுப்பு, பிப்பெட்டில் 100 மைக்ரோலிட்டர் என்று எடுத்தால் 80 வரும். ஹையலுரானிடேஸ் சேர்த்து 37 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் வைத்து இளக்கிய பிறகு அளக்க வேண்டும். நொதியே எலைசாவைக் கெடுக்கிறதா என்பதை, தெரிந்த அளவைக் கலந்து அளக்கும் மீட்புச் சோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள். திரவத்தை இடிடிஏ டியூபில் வாங்கி உடனே சுழற்றுங்கள், அதில் நிரம்பியிருக்கும் நியூட்ரோஃபில் டியூபுக்குள்ளேயே ஐஎல்-8 செய்யும். ஒப்பீட்டுக்கு நலமானவரின் மூட்டுத் திரவம் கிடைக்காது, மூட்டுத் தேய்மான நோயாளியின் திரவம்தான். அவ்வளவு பாடுபட்டாலும் செய்வது தகும் என்பது என் கருத்து. கீமோகைன் வேலை செய்வது ரத்தத்தில் அல்ல. ரத்தநாளச் சுவரின் ஹெபரான் சல்ஃபேட் சங்கிலிகளில் ஒட்டி நின்று, திசுவை நோக்கி அடர்த்தி ஏறும் சரிவாக இருந்தால்தான் வெள்ளையணு அந்தப் பக்கம் திரும்பும். ரத்தத்துக்குள்ளேயே ஐஎல்-8 மிகுந்தால் நியூட்ரோஃபில் சுவரைத் தாண்டுவது குறையக்கூட செய்யும்.

பதில் 5: ஏற்பிநிரப்பு

மருந்துக் கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். முயற்சி இல்லாமல் போகவில்லை. முடக்குவாதத்தில் வரிசையாக முயன்று தோற்றிருக்கிறார்கள், ஒவ்வொரு தோல்வியும் நோயைப் பற்றி ஒன்று சொல்கிறது.

சிசிஎல்2-ஐப் பிடிக்கும் ஏபிஎன்912 என்ற ஆன்டிபாடி 2006-ல் வெளிவந்த ஆய்வில் மூட்டு வீக்கத்தைக் குறைக்கவில்லை. அதே நோயாளிகளின் ரத்தத்தில் சிசிஎல்2 அளவு 2000 மடங்குவரை உயர்ந்தது! ஆன்டிபாடியோடு சேர்ந்த சிசிஎல்2 உடலிலிருந்து வெளியேறாமல் தேங்கிவிட்டது. கட்டுண்டதையும் கட்டற்றதையும் பிரிக்காத அளவீடு எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அடுத்து அதன் ஏற்பியான சிசிஆர்2-ஐ மூடும் ஆன்டிபாடி, 2008-ல் அதுவும் பயனில்லை. சிசிஎல்2-ஐ ரத்தத்திலிருந்து உறிஞ்சிக் கழிப்பதே சிசிஆர்2-தான். அதை மூடினால் சிசிஎல்2 தானாக ஏறி மருந்தோடு மல்லுக்கட்டும். எச்ஐவி-க்கு வந்த சிசிஆர்5 தடுப்பான் மராவிராக்கை மெத்தோட்ரெக்சேட்டோடு கொடுத்துப் பார்த்தார்கள், 2012-ல் அதுவும் தோல்வி.

சிறிது வெளிச்சம் தெரிந்தது இரண்டில். சிஎக்ஸ்சிஎல்10-ஐப் பிடிக்கும் எம்டிஎக்ஸ்-1100 ஆன்டிபாடி மெத்தோட்ரெக்சேட் போதாத நோயாளிகளில் ஏசிஆர்20 (நோய்க்குறிகள் 20 சதவீதமாவது குறைவது) அளவுகோலில் 54 சதவீதத்தினருக்குப் பலன் தந்தது, டம்மி மருந்தில் 17 சதவீதம். சிசிஆர்1 தடுப்பான் சிசிஎக்ஸ்354 நாளுக்கு ஒருமுறை 200 மி.கி. அளவில் ஓரளவு வேலை செய்தது. அதற்கு முன் வேறொரு சிசிஆர்1 தடுப்பான் தோற்றிருந்தது. இவை எதுவும் மருந்துக்கடைவரை வரவில்லை.

இந்தத் தோல்விகளுக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் மிகைமை: 40-க்கு மேற்பட்ட கீமோகைன், 20 அளவில் ஏற்பி, ஒன்றை அடைத்தால் மற்றொன்று வேலை பார்க்கும் என்பது. எனக்கு அது முழு விடையாகப் படவில்லை. ஏற்பியில் பாதியை மூடுவது எதற்கும் உதவாது. செல்லின் மேல் மீந்திருக்கும் சிலவே சரிவை உணரப் போதும். நாள் முழுதும், அடுத்த மாத்திரைக்கு முந்தைய தாழ்ந்த நேரத்திலும், 90 சதவீதத்துக்கு மேல் ஏற்பிகள் மூடியிருக்க வேண்டும் என்ற வாதம் வலுவானது. பழைய தடுப்பான்களில் சில அந்த அளவை எட்டவில்லை. ஆனால் சிசிஆர்2, சிசிஆர்5 விஷயத்தில் அந்தச் சாக்கு மட்டும் போதாது. தேர்ந்த இலக்கே மூட்டில் முக்கியமில்லை என்ற சாத்தியத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூட்டுச் சவ்வில் ஒரு கீமோகைன் நிறைய இருப்பதும், செல்கள் அதை நம்பி வருவதும் ஒன்றல்ல.

அங்கீகாரம் பெற்றவற்றைப் பாருங்கள். மராவிராக் 2007, எச்ஐவி நுழையும் கதவை அடைக்க. பிளெரிக்சாஃபர் 2008, எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்லை வெளியே கொண்டுவர. மொகாமுலிசுமாப் 2012-ல் ஜப்பானில், சிசிஆர்4 உள்ள டி-செல் புற்றைக் கொல்ல. மாவொரிக்சாஃபர் 2024-ல், சிஎக்ஸ்சிஆர்4 மரபணு கோளாறால் வெள்ளையணு மஜ்ஜைக்குள்ளேயே சிக்கும் அரிய நோய்க்கு. நான்கிலும் ஒரே ஏற்பிதான் அந்த வேலைக்குத் தவிர்க்க முடியாதது. முடக்குவாதத்தில் அப்படி ஒற்றைக் கதவு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அதோடு, கீமோகைனை மேலிருந்தே குறைக்கும் மருந்துகள் நம் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. டிஎன்எஃப் தடுப்பான் கொடுத்தால் மூட்டுச் சவ்வில் சிசிஎல்2-ம் ஐஎல்-8-ம் குறைகின்றன. டோஃபாசிட்டினிப் கொடுத்தால் சிஎக்ஸ்சிஎல்10 குறைகிறது, ஏனெனில் இன்டர்ஃபெரான் சமிக்ஞையே அந்த மருந்து தடுக்கும் ஜேக் என்ற நொதி வழியாகத்தான் போகிறது. ஆய்வில் இவற்றை எடுப்பவர்கள் இருந்தால் அதையும் தனிப் பத்தியாகப் பதியுங்கள்.

பதில் 6: நீர்த்தல்வரிசை

ஏற்பிநிரப்பு சொன்னதோடு ஒரு செய்முறை. மூட்டுத் திரவத்தை நோக்கிச் செல் உண்மையிலேயே நகர்கிறதா என்று பார்க்க டிரான்ஸ்வெல் (துளையுள்ள சவ்வால் மேல் அறை, கீழ் அறை என்று பிரித்த குழி) போதும். 24 குழித் தட்டில் 6.5 மி.மீ. செருகு, மோனோசைட்டுக்கு 5 மைக்ரான் துளை, நியூட்ரோஃபிலுக்கு 3. மேலே 100 மைக்ரோலிட்டரில் செல், கீழே 600 மைக்ரோலிட்டரில் திரவம், மோனோசைட் என்றால் 37 டிகிரியில் 90 நிமிடம். திரவத்தில் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) கட்டாயம், இல்லாவிட்டால் கீமோகைன் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக் காணாமல் போகும்.

ஒப்பீட்டுக்கு சிசிஎல்2-ஐ மி.லி.க்கு 1, 10, 100 நானோகிராம் என்று வையுங்கள். 100-ல் நகர்வு குறைந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம், மணி வடிவ வளைவு இயல்பு. மேலேயும் கீழேயும் ஒரே அளவு கீமோகைன் வைத்த குழியும் வேண்டும். அதிலும் செல்கள் அதே அளவு இறங்கினால் அது இலக்கற்ற ஓட்டம், ஈர்ப்பு அல்ல. இன்னொரு குழுவுக்கு 100 நானோகிராம் பெர்டுசிஸ் டாக்சினில் இரண்டு மணி நேரம் செல்லை வைத்துவிட்டு ஓடவிடுங்கள். நகர்வு நின்றால் கீமோகைன் ஏற்பி போன்ற, ஜிஐ (Gi) புரதம் வழியாகச் சமிக்ஞை அனுப்பும் ஏற்பிதான் ஈர்த்தது என்று சொல்லலாம். பிறகு சிசிஆர்2 தடுப்பான், சிஎக்ஸ்சிஆர்3 தடுப்பான் என்று ஒவ்வொன்றாகப் போட்டு யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்கலாம். ஈ.கோலையில் செய்த கீமோகைன் வாங்கினால் எண்டோடாக்சின் அளவைத் தாளில் பார்த்து வாங்குங்கள், மோனோசைட் அதற்கே பதறும்.

மூட்டுவாயில்

எல்லாருக்கும் மிக்க நன்றி. கடைசியாக: கையிலுள்ள சீரத்தில் எதைக் காப்பாற்றலாம்? ஏற்கெனவே இரண்டு முறை உருக்கியவை சில உண்டு.

பதில் 7: ஆல்ஃபாகுருணை

சிசிஎல்5-ஐ விட்டுவிடுங்கள். ஐஎல்-8-ஐயும் விடுங்கள், காத்திருப்பு நேரத்தைப் புள்ளியியலில் சரிசெய்தாலும் நோயாளிகளும் ஊழியர்களும் இரு வேறு நேர வரம்பில் இருப்பதால் மீளாது. சிஎக்ஸ்சிஎல்10-ஐ ஐஜிஜி தடுப்போடு முழுதாக மறுபடி அளங்கள். ஒவ்வொரு தட்டிலும் நோயாளி, நலமானவர் இரு குழுவும் கலந்திருக்க வேண்டும், எல்லாத் தட்டுக்கும் பொதுவாக ஒரு சீரத்தை வைத்து மாறுபாடு 15 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரக் குழிகளில் மாதிரி போடாதீர்கள், ஃபேன் காற்று நேரே விழும் மேசையில் தட்டை வைக்காதீர்கள். சிசிஎல்2-ஐ அதே தடுப்போடு அளந்து, நீர்த்தல் சோதனையில் தேறியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்; சீரத்தில் அளந்தது என்று செய்முறைப் பகுதியில் வெளிப்படையாக எழுதுங்கள்.

இரண்டு முறை உருக்கியவற்றைத் தனியே குறித்துவையுங்கள். அவற்றைச் சேர்த்தும் சேர்க்காமலும் கணக்கிட்டு இரண்டு விடையையும் கொடுங்கள். இனி உருக்கும்போது 100 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கை ஒருமுறைக்கு மேல் எடுக்க வேண்டாம். அளவுக்குக் கீழே விழுந்தவற்றுக்குப் பூஜ்யம் என்று போடாதீர்கள், அளவிடக்கூடிய கீழெல்லைக்குக் கீழே என்று குறித்து அதற்குரிய முறையில் அலசச் சொல்லுங்கள். எண்களை லாக்குக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

புது மாதிரிக்கு ஐஎல்-8, சிசிஎல்2, சிஎக்ஸ்சிஎல்10 மட்டும் என்றால் இடிடிஏ டியூப், ஐஸ் வாளி, 30 நிமிடத்துக்குள் சுழற்சி. சிசிஎல்5-ம் வேண்டுமென்றால் ஒரே டியூபில் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்காதீர்கள், பக்கத்தில் ஒரு சிடிஏடி டியூபும் எடுங்கள். வெறும் சிட்ரேட் டியூபை ஐஸில் வைக்கக் கூடாது, குளிரே தட்டணுவைத் தூண்டிவிடும். ஊழியர்களுக்கு ரத்தம் எடுப்பதையும் அதே ஓ.பி. அறையில், அதே வாளியில், அதே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.